அயர்லாந்தின் ஊரகக் குடிலும் அதன் அறைகலன்களும்: ஒரு மதிப்பீடு

வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவர், வைக்கோல் கூரை, பாதி திறந்த கதவு, கூரையில் எழும் புகை. அயர்லாந்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கும் இந்தப் படம் தெரியும். அஞ்சலட்டைகளும் ஓவியங்களும் திரைப்படங்களும் சுற்றுலா விளம்பரங்களும் இதை ஒரு நாட்டின் அடையாளமாகவே ஆக்கிவிட்டன. இந்தக் குடிலும் அதனுள் இருந்த இருக்கை, கட்டில், தட்டு அலமாரி போன்ற பொருட்களும் ஓவியர்களையும் நாட்டாரியல் ஆய்வாளர்களையும் தொடர்ந்து ஈர்த்து வந்துள்ளன. ஆனால் 'மரபான ஐரிஷ் குடில்' என்று இன்று சொல்லப்படுவது ஊரக அயர்லாந்து முழுவதும் வாழ்ந்த வீடு அல்ல. அது 1845க்குப் பின் வந்த பெரும்பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களின் வீடு. பஞ்சத்தில் மாண்டவர்களும் நாட்டைவிட்டு வெளியேறியவர்களும் வாழ்ந்த வீடுகள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவர்களிடம் அருங்காட்சியகத்தில் வைக்கும்படியான அறைகலன் ஏதும் இருக்கவில்லை. குடிலைப் பற்றிய எந்தச் சித்திரத்தையும் எழுத்தையும் மதிப்பிட இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

வீட்டின் அமைப்பு

அயர்லாந்தின் ஊரக வீடு அகலத்தில் ஓர் அறையைத் தாண்டாது. அறைகள் பக்கவாட்டில் வரிசையாக நீளும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நேராகச் செல்ல வேண்டும். நடைவழி தனியாக இராது. இதற்கு முதன்மையான காரணம் மரப் பஞ்சம். பதினேழாம் நூற்றாண்டின் முடிவுக்குள் அயர்லாந்தின் காடுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. நீளமான உத்திரங்கள் ஏழைக் குடியானவருக்குக் கிடைக்கவில்லை. எனவே சதுப்பு நிலத்துக்குள் பல நூற்றாண்டுகளாகப் புதைந்து கிடந்த ஓக், பைன் மரங்களைத் தோண்டியெடுத்துக் கூரைக்குப் பயன்படுத்தினார்கள். கிடைத்த மரத்தின் நீளமே வீட்டின் அகலத்தைத் தீர்மானித்தது.

மேற்கில் கல்லாலும், கல் குறைந்த இடங்களில் வைக்கோல் கலந்து பிசைந்த மண்ணாலும் சுவர் எழுப்பினார்கள். கூரையில் முதலில் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்பாளங்களைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலோ நாணலோ கடற்கரைப் புல்லோ வேய்ந்தார்கள். உள்நாட்டில் அதை வளைத்த குச்சிகளால் குத்தி இறுக்கினார்கள். அட்லாண்டிக் புயல் நேராக வந்து மோதும் மேற்குக் கரையில் கயிறுகளை வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, சுவரில் பதித்த கல் முளைகளில் கட்டினார்கள். அஞ்சலட்டையில் அழகாகத் தெரியும் அந்தக் கயிற்று வரிசை, கூரை பறந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

வீட்டின் மையம் கணப்படுப்பு. பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணை வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறி மீண்டும் எரியவிடுவார்கள். நெருப்பு அணையாமல் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட வீடுகள் உண்டு. அடுப்பருகே சுழலும் இரும்புக் கை ஒன்றில் பானை தொங்கும். மூடியுள்ள இரும்புச் சட்டியின் மேலும் கீழும் கங்குகளை வைத்து ரொட்டி சுட்டார்கள். சில வட்டாரங்களில் பசுக்களும் ஒரே கூரையின் கீழ், அறையின் தாழ்ந்த முனையில் கட்டப்பட்டன. கழிவு வடிய ஒரு கால்வாய் மட்டுமே இரண்டு பகுதிகளையும் பிரித்தது.

அறைகலன்கள்

அறைகலன்கள் அனைத்தும் சுவரை ஒட்டியே நின்றன. நடுத்தரை எப்போதும் காலியாக இருக்கும். வேலை, விருந்தாளி, இசை, நடனம், சாவு வீட்டின் இரவுக் காவல் எல்லாமே அந்த ஒரே தரையில்தான் நடக்க வேண்டும். இடப் பற்றாக்குறையிலிருந்தே பல பொருட்களின் வடிவம் பிறந்தது. பகலில் சாய்வு இருக்கையாகவும் இரவில் தரைக்கு விரிந்து பெட்டிபோன்ற கட்டிலாகவும் மாறும் 'செட்டில்' கட்டில் இதற்குச் சிறந்த உதாரணம். அதில் குழந்தைகளும், சில சமயம் இரவு தங்க வந்த வழிப்போக்கர்களும் வைக்கோல் மேல் படுத்தார்கள். சுவரில் கீல் வைத்துப் பொருத்தி, வேண்டாதபோது மடக்கிவிடும் மேசையும் இருந்தது. வடமேற்கில் கணப்படுப்புக்குப் பக்கத்துச் சுவரை வெளியே தள்ளிக் கட்டி, அந்தப் பிதுக்கத்தில் முதியவர்களின் படுக்கையை வைத்தார்கள்.

முக்காலி பரவலாக இருந்ததற்கும் காரணம் உண்டு. மேடுபள்ளமான மண்தரையில் நான்கு கால் ஆடும். மூன்று கால் ஆடாது. இருக்கைகள் தாழ்வாக இருந்தது புகைக்காக. புகை மேலே தேங்கும் வீட்டில் தாழ உட்கார்பவருக்கே கண் எரியாது. வைக்கோலைத் திரித்த புரியால் பின்னிய இருக்கை கொண்ட 'சூகான்' நாற்காலி மரத்தை மிச்சப்படுத்தியது. புரி நைந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். அடுப்பருகே சுவரில் உப்புப் பெட்டி தொங்கும். மாவைச் சேமிக்க ஒரு பெரிய பெட்டி இருக்கும்.

இவை அனைத்திலும் வீட்டின் பெருமையாகக் கருதப்பட்டது தட்டுகளை அடுக்கும் 'ட்ரெஸ்ஸர்' அலமாரி. மேல் தட்டுகளில் நீல வெள்ளைப் பீங்கான், கீழே பானைகள். சில வீடுகளில் அதன் கீழ்ப்பகுதியே கோழிக்கூண்டாக அமைந்தது. பீங்கான் தட்டுகளை முன்புறமாகச் சாய்த்து வைத்தால் உட்பக்கத்தில் புகைக்கரியும் தூசியும் படியாது. ஈரமான மண்தரையில் கால்கள் மட்கிவிடும் என்பதால் அலமாரியின் அடியில் தனி மரக்கட்டைகளைப் பொருத்தி, அவை கெட்டதும் மாற்றினார்கள். பெரும்பாலான அறைகலன்கள் இறக்குமதியான மலிவான பைன் மரத்தில் செய்யப்பட்டவை. அதை மறைக்கவும் காக்கவும் சிவப்பு, பச்சை, நீலம், பழுப்பு எனப் பலமுறை வண்ணம் பூசினார்கள்.

இவற்றைப் பார்க்கும் யாருக்கும் செய்தவரின் அறிவுக்கூர்மை தெரியும். இந்தப் பொருட்களைப் புகழும் எழுத்துகள் மிகையல்ல. ஆனால் இந்த அறைகலன்களை வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வியும் எழ வேண்டும்.

1841: நான்காம் வகுப்பு வீடுகள்

1841ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அயர்லாந்தின் வீடுகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. நான்காம் வகுப்பு என்பது ஒரே அறை கொண்ட மண்குடிசை. அன்று குடியிருந்த சுமார் 13,29,000 வீடுகளில் ஏறத்தாழ 4,91,000 வீடுகள் இந்த வகுப்பைச் சேர்ந்தவை. அதாவது மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். மேற்கு மாவட்டங்களில் இந்த விகிதம் இன்னும் கூடுதல்.

பத்தாண்டுகள் கழித்து 1851இல் நான்காம் வகுப்பு வீடுகளின் எண்ணிக்கை சுமார் 1,36,000 ஆகக் குறைந்தது. வீடுகள் மேம்பட்டதால் மட்டும் இது நிகழவில்லை. உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். நிலக்கிழார்களின் ஆட்கள் வாடகை கட்டாதவர்களை வெளியேற்றிக் கூரையை இடித்தார்கள். 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 65 லட்சமாகச் சரிந்தது. ஓர் அறைக் குடிசை ஒரு கட்டட வகையாகவே மறைந்தது, அதில் வாழ்ந்தவர்கள் மறைந்ததால்தான்.

எஞ்சியது மூன்றாம் வகுப்பு வீடு. இரண்டு முதல் நான்கு அறைகளும் சன்னல்களும் கொண்டது. இன்று அஞ்சலட்டையில் காணும் குடில் இதுவே. இதன் உரிமையாளர் சிறிதளவேனும் நிலம் வைத்திருந்த குடியானவர். அலமாரியும் செட்டில் கட்டிலும் பெரும்பாலும் அவருடையவை.

கணக்கில் வந்த நாற்காலிகள்

பஞ்சத்துக்கு முந்தைய ஏழைகளின் வீட்டுப் பொருட்களைப் பற்றி ஒரு அரிய சான்று உண்டு. டோனிகால் மாவட்டத்தின் குவீடோர் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த பாட்ரிக் மெக்கை 1837இல் அயர்லாந்தின் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதில் தன் வட்டாரத்தில் வாழ்ந்த சுமார் 4,000 பேரிடமும் சேர்த்து என்னென்ன பொருட்கள் உள்ளன என்று பட்டியலிட்டார். ஒரே ஒரு வண்டி. ஒரே ஒரு கலப்பை. 93 நாற்காலிகள். 243 முக்காலிகள். 7 உணவு முட்கரண்டிகள். இறகு மெத்தை 2, உமி மெத்தை 8. சுவர்க்கடிகாரம் ஒன்றுகூட இல்லை.

நாற்காலியையும் முக்காலியையும் கூட்டினால் 336 இருக்கைகள். பன்னிரண்டு பேருக்கு ஓர் இருக்கைதான் வரும். மற்றவர்கள் தரையில் அமர்ந்தார்கள், வைக்கோலில் படுத்தார்கள். பானையின் மேல் வைத்த தட்டையான கூடையே பல வீடுகளில் உணவு மேசை. வேகவைத்த கிழங்கை அதில் கொட்டி, சுற்றி அமர்ந்து உண்டார்கள். 1770களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் பயணம் செய்த ஆங்கில வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங்கும் குடிசைகளில் ஒரு கிழங்குப் பானையையும் சில உடைந்த இருக்கைகளையுமே பெரும்பாலும் கண்டார்.

மெக்கையின் விண்ணப்பத்துக்குப் பின்னர் நேர்ந்தது கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டே அந்தப் பகுதியில் நிலம் வாங்கத் தொடங்கிய ஜார்ஜ் ஹில் பிரபு, 1845இல் தான் வெளியிட்ட நூலில் இந்த விண்ணப்பத்தை அச்சிட்டார். தான் வருவதற்கு முன் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்று காட்டுவது அவர் நோக்கம். அவர் ஊர்க் கூட்டு நிலங்களைத் தனித்தனிப் பண்ணைகளாகப் பிரித்தார். சேர்ந்து வாழ்ந்தவர்கள் தங்கள் வீடுகளைப் பெயர்த்து வேறிடத்தில் கட்ட வேண்டியிருந்தது. பின்னர் மலை மேய்ச்சல் நிலம் குடியானவர்களின் கையை விட்டுப் போனது. 1858இல் குவீடோரின் வறுமையை விசாரிக்க நாடாளுமன்றக் குழுவே அமைக்கப்பட்டது. ஏழைகளுக்காக ஓர் ஆசிரியர் எழுதிய பட்டியல், நிலக்கிழாரின் சாதனைக்குச் சான்றாக மாறியது. இல்லாமையின் ஆவணமும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பொருள் பெறுகிறது.

மேலும், குத்தகையாளர் வீட்டைச் சீராக்கினால் அது வாடகை உயர்வுக்குக் காரணமாகலாம் என்ற அச்சம் பரவலாக இருந்தது. நிலையான குத்தகை உரிமை இல்லாதவர் தன் கூரைக்குச் செலவிடத் தயங்குவது இயல்பு. பயணிகள் பலர் இதைச் சோம்பல் என்று எழுதினார்கள்.

நாடகம், ஓவியம், திரைப்படம்

ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகம் அரான் தீவுகளின் குடில் சமையலறையில் நிகழ்கிறது. மேடையில் மீன்வலைகள், நூற்புச் சக்கரம் ஆகியவற்றோடு புதிய மரப்பலகைகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அவை கடலில் மாண்ட மகனின் சவப்பெட்டிக்காக வாங்கியவை. மரம் அரிதான தீவில் வீட்டுக்குள் வரும் நல்ல பலகை சாவுக்காக வருகிறது. அந்த வீட்டின் பொருளியலையும் துயரத்தையும் ஒரே பொருளில் சொல்லிவிடுகிறது அந்தப் பலகை. குடில் அலங்காரப் பின்னணியாக ஆகாத படைப்புகளில் இது முதன்மையானது.

ஓவியர் பால் ஹென்றியின் கனமாரா நிலக்காட்சிகள் இதற்கு நேரெதிர் திசையில் சென்றன. நீல மலைகளுக்கும் பெரும் மேகங்களுக்கும் கீழே சிறு வெள்ளைக் குடில்கள். ஆட்கள் பெரும்பாலும் இல்லை. 1920களில் இவற்றில் ஒன்று ரயில் நிறுவன விளம்பரச் சுவரொட்டியாகி உலகெங்கும் பரவியது. ஹென்றியின் கலைத்திறன் மறுக்க முடியாதது. ஆனால் ஆளில்லாத அந்த நிலம், குடியேற்றத்தால் காலியான நிலமும்கூட என்பதைச் சுவரொட்டி சொல்லவில்லை. 1950களில் தொடங்கிய ஜான் ஹைண்டின் வண்ண அஞ்சலட்டைகள் இந்த அழகை மேலும் மிகைப்படுத்தின. அதே 1950களில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் அயர்லாந்துக் குடியரசை விட்டு வேலை தேடிப் போனார்கள். அரசியலும் இந்தப் படத்தைப் பயன்படுத்தியது. 1943ஆம் ஆண்டின் புனித பாட்ரிக் திருநாளில் பிரதமர் டி வலேரா ஆற்றிய வானொலி உரை, எளிய ஊரக இல்லங்கள் நிறைந்த நாட்டையே இலட்சியமாக முன்வைத்தது.

ஜான் ஃபோர்டின் 'த கொயட் மேன்' (1952) திரைப்படம் மிகையான காதல் கற்பனை என்று அடிக்கடி குறைகூறப்படுகிறது. ஆனால் அறைகலன் விஷயத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. நாயகி மேரி கேட் தன் தாயிடமிருந்து வந்த பொருட்களும் சீதனப் பணமும் இல்லாமல் புதுவீட்டில் தன்னை மனைவியாகக் கருத மறுக்கிறாள். அமெரிக்காவிலிருந்து வந்த கணவனுக்கு அது வெறும் பிடிவாதமாகத் தெரிகிறது. தன் சொந்த அலமாரியும் மேசையும் இல்லாத பெண், கணவன் வீட்டில் வேலைக்காரியாகத்தான் இருப்பாள் என்பது அவள் வாதம். அலமாரி பெண்ணின் உரிமைப் பொருளாக இருந்ததை இந்த வணிகப் படம் அஞ்சலட்டைகளை விடத் தெளிவாகக் காட்டியது.

ஆய்வு நூல்கள்

பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ்டின் எவன்ஸின் 'ஐரிஷ் ஃபோக் வேஸ்' (1957) இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. கூரை வேய்தல் முதல் முக்காலி வரை கண்ணால் பார்த்துக் கையால் வரைந்த குறிப்புகள் அதன் வலிமை. ஆனால் எவன்ஸ் குடிலைத் தொல்பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் ஒன்றாகக் காண விரும்புகிறார். நிலமும் மண்ணும் அவர் எழுத்தில் நிறைந்திருக்கின்றன. வாடகையும் நிலக்கிழாரும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஹென்றி கிளாசியின் 'பாசிங் த டைம் இன் பாலிமெனோன்' (1982) ஃபெர்மனா மாவட்டத்தின் ஒரு சிறு சமூகத்தை ஆராய்கிறது. சமையலறையை விருந்தோம்பலின் இடமாகவும், அலமாரியில் அடுக்கிய பீங்கானை அழகுணர்வின் வெளிப்பாடாகவும் அவர் விளக்குகிறார். அங்கு வாழ்ந்தவர்களின் சொற்களுக்கு அவர் தரும் மதிப்பு முன்னுதாரணமானது.

கிளாடியா கின்மொந்தின் ஐரிஷ் ஊரக அறைகலன் பற்றிய நூல் (1993, விரிவாக்கிய பதிப்பு 2020) இப்பொருளில் மிக முழுமையானது. அவர் எஞ்சிய பொருட்களோடு ஓவியங்கள், பயணக் குறிப்புகள், வாய்மொழிச் செய்திகள் அனைத்தையும் ஒப்பிடுகிறார். வைக்கோலாலும் கரையொதுங்கிய மரத்தாலும் செய்த எளிய பொருட்களுக்கும் இடமளிக்கிறார். ஆயினும் எந்த அறைகலன் வரலாறும் எஞ்சியவற்றின் பக்கம் சாய்வதைத் தவிர்ப்பது கடினம். ஆராய்வதற்கு ஒரு பொருள் இருந்தாக வேண்டும். மெக்கையின் பட்டியலில் வந்த வீடுகளில் அப்படி ஏதும் இல்லை.

அருங்காட்சியகமும் சந்தையும்

கிளேர் மாவட்டத்தின் பன்ராட்டி நாட்டார் பூங்கா, வடக்கே அல்ஸ்டர் நாட்டார் அருங்காட்சியகம், மேயோ மாவட்டத்தில் 2001இல் திறந்த ஊரக வாழ்க்கை அருங்காட்சியகம் ஆகியவை இப்பொருட்களை அழியாமல் காத்துள்ளன. இடிந்துபோகவிருந்த வீடுகளைக் கல் கல்லாகப் பெயர்த்து மீண்டும் கட்டிய பணி மதிக்கத்தக்கது. ஆனால் திறந்தவெளிக் காட்சியில் வீடு எப்போதும் சுத்தமாகவும் உலர்ந்தும் அடுப்பு எரிந்தபடியும் இருக்கிறது. ஒழுகும் கூரை, ஈரத்தரை, காசநோய், ஒரே படுக்கையில் ஆறு குழந்தைகள் ஆகியவற்றைக் காட்சிப்படுத்துவது எளிதல்ல.

பழம்பொருள் சந்தை செய்தது வேறுவகை இழப்பு. 'இயற்கையான' பைன் மரம் நாகரிகமானபோது, வணிகர்கள் பழைய அலமாரிகளை வேதிக் கரைசலில் முக்கி வண்ணத்தை உரித்தார்கள். ஒவ்வொரு வண்ண அடுக்கும் அந்த வீட்டில் நடந்த ஒரு திருமணத்தையோ திருநாளையோ குறித்திருக்கக்கூடும். வண்ணம் பூசாத பைன் அலமாரியை அந்த வீட்டின் சொந்தக்காரி ஒருபோதும் விரும்பியிருக்க மாட்டாள். 'மரபு' என்று இன்று விற்கப்படும் அந்த வெற்று மரம் நகரத்து ரசனையின் படைப்பு.

குடிலை விட்டு வெளியேறியவர்கள்

1883க்குப் பின் வந்த சட்டங்களின்படி உள்ளாட்சி அமைப்புகள் விவசாயத் தொழிலாளர்களுக்கு ஓட்டுக்கூரை வீடுகளைக் கட்டித் தந்தன. முதல் உலகப்போருக்குள் இவ்வாறு 40,000க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. இவை அஞ்சலட்டைகளில் இடம்பெறுவதில்லை. ஆனால் ஊரக ஏழைகளின் வாழ்வை மாற்றியதில் இவற்றின் பங்கு வைக்கோல் கூரைக் குடிலை விடப் பெரியது. 1946இல் தொடங்கிய ஊரக மின்மயமாக்கல் மூலையில் படிந்திருந்த புகைக்கரியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

1971இல் ஜாக் ஃபிட்ஸ்சைமன்ஸ் வெளியிட்ட 'பங்களா பிளிஸ்' என்ற மலிவான வீட்டு வரைபட நூலைக் கொண்டு ஆயிரக்கணக்கானோர் தாமே வீடு கட்டிக்கொண்டார்கள். இந்த பங்களாக்கள் நிலக்காட்சியைக் கெடுத்தன என்று நகர்ப்புற விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். சிதறிய குடியிருப்பு, சாலைச் செலவு ஆகியவை பற்றிய அவர்களின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் குடிலில் வளர்ந்தவர்கள் பெரிய சன்னல், உலர்ந்த தரை, உள்ளே கழிப்பறை, தனித்தனிப் படுக்கையறை ஆகியவற்றை விரும்பியதற்கு ரசனைக் குறைவு காரணமல்ல. குடில் எப்படிப்பட்டது என்பதை மற்றவர்களை விட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

மதிப்பீடு

அயர்லாந்தின் ஊரகக் குடில் வறுமையின் சின்னம் மட்டும் அல்ல. கவிதை மட்டும் அல்ல. மரமில்லாத நிலத்தில் உறுதியற்ற உரிமையோடு வாழ்ந்தவர்கள் கிடைத்ததைக் கொண்டு செய்த தீர்வு அது. முக்காலியும் புரி நாற்காலியும் செட்டில் கட்டிலும் அந்தத் தீர்வின் தெளிவான வடிவங்கள். அவற்றைப் போற்றும் ஆய்வும் கலையும் தேவையானவையே. ஆனால் ஒரு குடில் காட்சியில் அலமாரி நிறையப் பீங்கான் தெரியும்போது, அது ஓரளவு வசதியுள்ள குடியானவரின் வீடு என்பதை அருகே எழுதி வைப்பது நேர்மையானது. 1841இல் மூன்றில் ஒரு வீடு அப்படி இருக்கவில்லை. அந்த வீடுகளுக்குரிய காட்சிப்பொருளாக ஒரு பானையும், ஒரு கூடையும், 93 நாற்காலிகளைக் குறிப்பிடும் அந்த விண்ணப்பமுமே கிடைக்கின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கே அயர்லாந்தின் ஊரக வீடு முழுமையாகப் புரியும்.